புட்டியில் 521 சாவி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஒரு தம்பி அழைத்தான். சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. சிராங்கூன் சாலைக் கடைகள் சிலவற்றுக்கு இருப்புக் கணக்கு ஓடும் மூன்று சர்வர்களை அவன் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறான். "அண்ணே, தணிக்கையில புட்டி பழசா இருக்குன்னு எழுதியிருந்தாங்க. இப்பதான் எல்லா கணினியிலயும் புதுசு போட்டேன். முடிஞ்சுதுல்ல?" என்றான். உன் சாவி எந்த வகை என்று கேட்டேன். "521ண்ணே. இருக்கறதுல பெரிய எண் அதுதான், பாதுகாப்பும் அதிகம்னு எடுத்தேன்" என்றான்.

முடியவில்லை. புட்டி என்பது விண்டோஸ் கணினியிலிருந்து தொலைவில் இருக்கும் சர்வருக்குள் நுழைய உதவும் நிரல். சாவி என்பது கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அங்கே அடையாளம் காட்டும் கோப்பு. பழைய புட்டியில் 521 வகைச் சாவியின் ரகசியத்தைக் கசியவிடும் ஒரு ஓட்டை, அதாவது பாதுகாப்புக் குறை, இருக்கிறது. அன்றிரவு போனிலேயே அவனும் நானும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். இந்த ஓட்டையில் மென்பொருளைப் புதுப்பிப்பது சின்ன வேலை. பழைய சாவியை எல்லா இடத்திலிருந்தும் கழற்றுவதுதான் பெரிய வேலை. பலரும் முதலாவதைச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அறிகுறி: சாவியின் கைரேகை வரியில் "நிஸ்ட்பி521" என்று இருக்கிறது

புட்டிஜென்னை (புட்டியோடு வரும், சாவி உருவாக்கும் நிரல்) திறந்து, லோடு பொத்தானை அழுத்தி, உங்கள் சாவி இருக்கும் பிபிகே கோப்பைக் காட்டுங்கள். கைரேகைப் பெட்டியில் (சாவியை அடையாளம் காட்டும் சுருக்கமான வரி) முதல் சொல் "ஈசிடிஎஸ்ஏ-எஸ்எச்ஏ2-நிஸ்ட்பி521" என்று இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத்தான். புட்டிஜென் இல்லாத கணினியில் பிபிகே கோப்பை நோட்பேடில் திறந்தாலும் போதும். முதல் வரியிலேயே சாவியின் வகை எழுதியிருக்கும். "எஸ்எஸ்எச்-ஈடி25519" என்றோ, "நிஸ்ட்பி256", "நிஸ்ட்பி384" என்றோ, ஆர்எஸ்ஏ என்றோ இருந்தால் இந்த ஓட்டை உங்கள் சாவியைத் தொடாது.

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற படிகள் எல்லாம் தாமாகவே விளங்கும். நீங்கள் லாகின் செய்யும்போதெல்லாம், சாவி உங்களிடம் இருப்பதை நிரூபிக்கப் புட்டி ஒரு கையொப்பம் இடுகிறது. இந்த வகைச் சாவியால் ஒவ்வொரு முறை கையொப்பம் இடும்போதும் ஒரு ரகசிய எண் தேவை. ஒரே ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய எண் அது. 521 பிட் சாவிக்கு அந்த எண்ணும் 521 பிட் அகலத்துக்குப் பரவியிருக்க வேண்டும். புட்டி அதை எஸ்எச்ஏ-512 என்ற ஹாஷ் கணக்கிலிருந்து (எதைக் கொடுத்தாலும் ஒரே நீள எண்ணாக மாற்றும் கணக்கு) எடுத்தது. அதில் வருவது 512 பிட்தான். மீதி 9 பிட், எண்ணின் தலைப்பக்கம், எப்போதும் பூஜ்யம். 256, 384 சாவிகளுக்கு 512 பிட் தாராளமாகப் போதும் என்பதால் அங்கே இந்தக் குறை எழவில்லை.

9 பிட் என்றால் அற்பமாகத் தோன்றும். ஒவ்வொரு கையொப்பமும் 9 பிட் கசியவிட்டால், 521-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 58. அதாவது ஏறக்குறைய 60 கையொப்பங்கள் ஒருவன் கையில் சேர்ந்தால், உங்கள் ரகசியச் சாவியையே அவன் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஒரு நாளைக்குப் பத்துமுறை லாகின் செய்கிறவர் ஒரே வாரத்தில் 60 கையொப்பம் கொடுத்துவிடுகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகக் கோப்பு அனுப்பும் ஏற்பாடு இருந்தால் பத்து மணி நேரமே போதும்.

ஜெர்மனியின் போஹும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாபியன் பாய்மர், மார்கஸ் பிரிங்க்மன் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். 2024 ஏப்ரலில் வெளியானது, ஓட்டைகளுக்கு உலகளவில் எண் தரும் சிவிஇ பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-31497. புட்டியின் 0.68 முதல் 0.80 வரை எல்லாப் பதிப்புகளிலும் இது இருந்தது. 0.68 வெளிவந்தது 2017-இல். ஏழு ஆண்டுகள். 0.81-இல் சரிசெய்தார்கள்; ரகசிய எண்ணை உருவாக்க ஆர்எஃப்சி 6979 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் முறைக்கு மாறினார்கள். பழைய முறை வேண்டுமென்றே செய்த சோம்பல் அல்ல. நம்பத்தக்க தற்செயல் எண் விண்டோஸில் கிடைக்காத காலத்தில் புட்டிக்காரர்கள் தாங்களே யோசித்து வைத்த வழி அது. அந்தக் காலச் சாவிகளுக்கு அது சரியாகவே வேலை செய்தது. பிறகு வந்த 521-க்குத்தான் அளவு போதவில்லை.

இப்போது எது கேடு, எது கேடு இல்லை என்று பிரித்துக்கொள்வோம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

குறை கையொப்பம் இடுவதில் இருக்கிறது, சாவியை உருவாக்குவதில் இல்லை. லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எச் (புட்டியின் வேலையைச் செய்யும், சர்வரிலும் ஓடும் மென்பொருள்) வைத்து உருவாக்கிய 521 சாவியை விண்டோஸுக்குக் கொண்டுவந்து பழைய புட்டியில் பயன்படுத்தியிருந்தால் அதுவும் கெட்டுப்போன சாவிதான். புட்டிஜென்னில் உருவாக்கி, ஓப்பன்எஸ்எஸ்எச்சில் மட்டுமே பயன்படுத்திய சாவி கெடவில்லை. எந்தச் சாவி எங்கெல்லாம் போனது என்று நினைவில் இல்லையென்றால், கெட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் நின்று கேபிளை ஒட்டுக்கேட்பவனுக்கு இந்தக் கையொப்பங்கள் கிடைக்காது. லாகின் நடப்பது மறைகுறியாக்கத்துக்கு உள்ளே. கையொப்பத்தைப் பார்ப்பது நீங்கள் நுழையும் சர்வர். ஆக, ஆபத்து எதிர்முனையிலிருந்துதான் வருகிறது. மூன்று சர்வர்களுக்கும் ஒரே சாவி வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்றை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். அவன் அங்கேயே உட்கார்ந்து உங்கள் கையொப்பங்களைச் சேர்த்துக்கொண்டே இருப்பான். சேர்ந்ததும் மற்ற இரண்டின் கதவும் அவனுக்குத் திறக்கும். பேஜன்ட்டில் (சாவியைத் திறந்து வைத்துக் கையொப்பமிட்டுத் தரும் புட்டியின் துணை நிரல்) சாவியை ஏற்றி, அதைச் சர்வரிலிருந்தும் கேட்க அனுமதிக்கும் ஏஜன்ட் ஃபார்வர்டிங்கும் போட்டிருந்தால் அவன் வாரக்கணக்கில் காத்திருக்கவே வேண்டாம். நீங்கள் இணைந்திருக்கும் அந்த நேரத்திலேயே உங்கள் பேஜன்ட்டிடம் 60 கையொப்பம் கேட்டு வாங்கிவிடலாம். அதே சாவியால் கிட் கமிட்டுகளில் (நிரல் மாற்றங்களின் பதிவுகள்) கையொப்பமிட்டுப் பொதுத் தளத்தில் போட்டிருந்தால், சர்வரைப் பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவை எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடக்கின்றன.

அதனால்தான் புதுப்பித்தல் போதாது என்கிறேன். 2019-இல் நீங்கள் கொடுத்த கையொப்பம் இன்றும் அதே சாவியின் கையொப்பம்தான். 0.81 நாளைக்குப் போடும் கையொப்பத்தைத்தான் சரிசெய்யும்.

இன்னொன்று: சர்வரின் ஹோஸ்ட் கீ (சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவி) 521 வகை என்று தெரிந்தால் பதற வேண்டாம். அதில் கையொப்பமிடுவது சர்வரில் ஓடும் மென்பொருள், உங்கள் புட்டி அல்ல.

சரி, மாற்றும் வேலை. வரிசை முக்கியம், தம்பியிடம் இதை இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

முதலில் எல்லாக் கணினியிலும் புட்டியைப் புதுப்பிக்க வேண்டும். தேடுபொறியில் "புட்டி" என்று தட்டி, முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். போலிப் புட்டியையும், கோப்பு அனுப்பும் நிரலான வின்எஸ்சிபியின் போலியையும் விளம்பரம் வழியாகத் தள்ளி, உள்ளே பின்கதவு வைத்துக் கொடுக்கும் கும்பல்கள் உண்மையிலேயே இருக்கின்றன. புட்டியை எழுதிய சைமன் டாத்தமின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்குங்கள். இறக்கிய கோப்பில் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் தாவலைப் பாருங்கள். கையொப்பமிட்டவர் பெயர் சைமன் டாத்தம் என்றே இருக்க வேண்டும்.

அடுத்து, புட்டிஜென்னில் எட்டிஎஸ்ஏ வகையைத் தேர்ந்து, ஈடி25519 என்று வைத்துப் புதுச் சாவி உருவாக்குங்கள். சாவிக் கோப்பைப் பூட்டும் கடவுச்சொல்லான பாஸ்ஃபிரேஸ் போடுங்கள். மேலே பெட்டியில் ஒரே வரியாக வரும் பொதுச்சாவியை நகலெடுத்து, சர்வரில் உங்கள் கணக்கின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் (நுழைய அனுமதி உள்ள சாவிகளின் பட்டியல்) பழைய வரிக்குக் கீழே ஒட்டுங்கள். பழைய வரியை இன்னும் தொடாதீர்கள். திறந்திருக்கும் ஜன்னலையும் மூடாதீர்கள். இரண்டாவது புட்டி ஜன்னல் திறந்து, புதுச் சாவியால் நுழைய முடிகிறதா பாருங்கள். நுழைந்த பிறகுதான் பழைய வரியை அழிக்க வேண்டும். கடை திறந்திருக்கும் நேரத்தில் ஒரே சர்வரில் உங்களை நீங்களே வெளியே பூட்டிக்கொண்டால் என்ன பாடு என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பிறகு தேட வேண்டும். "நிஸ்ட்பி521" என்ற சொல்லை, கோப்புகளுக்குள் தேடும் கிரெப் கட்டளை போட்டு ஒவ்வொரு சர்வரிலும் எல்லாக் கணக்குகளின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புகளிலும் தேடுங்கள். ரூட், பேக்அப், டிப்ளாய் என்று மனிதர் நுழையாத கணக்குகளில்தான் மறந்துபோன வரிகள் கிடக்கும். கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்களில் அதே பொதுச்சாவியைக் கொடுத்திருந்தால் அங்கேயும் நீக்குங்கள். எத்தனை பேர் நுழைகிறார்கள் என்றே கணக்கில்லாத பெரிய சர்வராக இருந்தால் வேறு வழியும் உண்டு. சர்வரில் லாகின்களை ஏற்கும் நிரலான எஸ்எஸ்எச்டியின் அமைப்புக் கோப்பில் பப்கீ அக்செப்டட் அல்காரிதம்ஸ் என்ற வரியில், கழித்தல் குறியை முன்னால் வைத்து அந்த 521 வகையைச் சேர்த்தால் சர்வரே அதை ஏற்காது. ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒழுங்காக 521 பயன்படுத்துபவர்களும் அடிபடுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறுதொடக்கத்துக்கு முன் எஸ்எஸ்எச்டியைச் சோதனை முறையில் ஓட்டி, கோப்பில் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: புதுப் பதிப்பு போட்டும் "புட்டி கீ ஃபார்மட் டூ நியூ" என்று வருகிறது

இது நல்ல அறிகுறி. ஒளிந்திருக்கும் பழைய புட்டியைக் காட்டிக்கொடுக்கிறது. 0.75 முதல் பிபிகே கோப்பின் வடிவம் 3-ஆம் பதிப்புக்கு மாறியது. அதற்கு முந்தைய நிரல்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. இணையத்தில் தேடினால், புட்டிஜென்னில் வடிவத்தை 2-க்கு இறக்கிச் சேமித்துக்கொள் என்று பதில் கிடைக்கும். அப்படிச் செய்தால் பிழைச்செய்தி போய்விடும், பழைய நிரல் தங்கிவிடும். செய்யாதீர்கள். எந்த நிரல் அந்தச் செய்தியைக் காட்டுகிறதோ அதைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள்.

புட்டி நிறுவ வேண்டிய அவசியமே இல்லாத நிரல். ஒரே கோப்பை எங்கே வைத்தாலும் ஓடும். அதனால் டெஸ்க்டாப்பில் ஒன்று, டவுன்லோட்ஸில் ஒன்று, யாரோ கொடுத்த யுஎஸ்பியில் ஒன்று என்று பரவிக் கிடக்கும். டாஸ்க்பாரில் குத்திவைத்த சின்னம் பழைய கோப்பையே திறந்துகொண்டிருக்கும். ஜன்னலின் இடதுமேல் மூலையில் இருக்கும் சின்னத்தைச் சொடுக்கி, "அபௌட் புட்டி"யைத் திறந்து எண்ணைப் பாருங்கள். நிறுவிய பட்டியலில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஓடுகிற ஜன்னலே சொல்லட்டும்.

புட்டியின் நிரலை உள்ளே வைத்துக்கொண்டு வேறு பெயரில் ஓடுபவையும் உண்டு. ஃபைல்சில்லா என்றால் 3.67.0, வின்எஸ்சிபி என்றால் 6.3.3, டார்ட்டாய்ஸ்கிட் என்றால் 2.15.0.1, டார்ட்டாய்ஸ்எஸ்விஎன் என்றால் 1.14.7. இவற்றுக்குக் குறைந்தது எதுவும் இருக்கக்கூடாது.

அறிகுறி: புதுச் சாவிக்கு "சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீ"

பெரும்பாலும் ஒட்டியதில்தான் தவறு. புட்டிஜென்னில் "சேவ் பப்ளிக் கீ" அழுத்திச் சேமித்த கோப்பு பல வரியாக, முன்னும் பின்னும் கோடுகளோடு இருக்கும். அது ஆத்தரைஸ்டு கீஸுக்கு ஆகாது. மேலே பெட்டியில் ஒரே வரியாக இருப்பதுதான் வேண்டும். நடுவில் வரி உடைந்திருந்தாலும் ஏற்காது. எஸ்எஸ்எச் அடைவுக்கு 700, கோப்புக்கு 600 என்று அனுமதி இருக்கிறதா, இரண்டும் உங்கள் கணக்கின் பெயரிலேயே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சர்வரே மிகப் பழையது என்றால் ஈடி25519 அதற்குத் தெரியாமல் இருக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5, 2014-இல் வந்தது, அதிலிருந்துதான் இந்த வகை உண்டு. அப்படிப்பட்ட சர்வருக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்எஸ்ஏ சாவி வைத்துக்கொள்ளலாம், சர்வரை மாற்றும் நாள் வரை. இதற்கு நேர்மாறான நிலையும் வரும். சர்வர் புதிது, புட்டி பழையது, சாவி ஆர்எஸ்ஏ. ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல் எஸ்எச்ஏ-1 என்ற பழைய ஹாஷ் வைத்துப் போடும் ஆர்எஸ்ஏ கையொப்பத்தை ஏற்பதில்லை, புட்டி 0.75-இல்தான் புது வகைக் கையொப்பம் வந்தது. இங்கேயும் மருந்து ஒன்றுதான்: புட்டியைப் புதுப்பிப்பது. சர்வரில் பழைய வகையை மறுபடி அனுமதிக்கும் வரியைச் சேர்ப்பது மருந்து அல்ல.

அறிகுறி: ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று எச்சரிக்கைப் பெட்டி

"பொட்டென்ஷியல் செக்யூரிட்டி பிரீச்" என்று பெரிய எழுத்தில் வரும். நேற்று வரை பேசிய சர்வரின் அடையாளம் இன்று வேறாக இருக்கிறது என்று பொருள். சர்வரை மறுபடி நிறுவியிருக்கலாம், கிளவுடில் அதே ஐபி வேறு இயந்திரத்துக்குப் போயிருக்கலாம். அல்லது நடுவில் ஒருவன் நிற்கலாம். மூன்றும் உங்கள் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

கேன்சல் அழுத்துங்கள். சர்வரை வைத்திருப்பவரிடம் போனில் கேளுங்கள். உங்களுடையதே என்றால் கிளவுடின் கன்சோல் வழியாக நுழைந்து, எஸ்எஸ்எச்-கீஜென் வைத்து ஹோஸ்ட் கீயின் கைரேகையை எடுங்கள். பெட்டியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பொருந்தினால் ஏற்கலாம். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

பழைய புட்டியில் இருப்பவர்களுக்கு இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேன்சல் அழுத்துவதே காப்பாற்றாத பதிப்புகள் உண்டு. 0.71-க்கு முன்னால், ஆர்எஸ்ஏ முறையில் சாவி பரிமாறும் கட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது, எண் சிவிஇ-2019-9894. சர்வர் வேண்டுமென்றே அளவில் குறைந்த ஆர்எஸ்ஏ சாவியை அனுப்பினால் புட்டியின் நினைவகத்தில் எழுதக்கூடாத இடத்தில் எழுத்து விழும். ஹோஸ்ட் கீயைச் சரிபார்க்கும் கட்டத்துக்கு முன்பே அது நடந்துவிடும். அதாவது இந்த எச்சரிக்கைப் பெட்டி தோன்றுவதற்குள் காரியம் முடிந்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்து நடத்திய ஓட்டை வேட்டையில் வெளிவந்தவற்றை 2019 மார்ச்சில் 0.71-இல் சரிசெய்தார்கள், அவற்றில் இதுவும் ஒன்று. பதிப்பு எண் 0.71-க்குக் கீழே என்றால் அந்தக் கோப்பை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

அறிகுறி: லாகின் ஆன பிறகும் பாஸ்ஃபிரேஸ் கேட்கிறது

இதைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். 0.71 முதல், புட்டியே கேட்கும் கேள்விகளுக்கு வரியின் இடது ஓரத்தில் புட்டியின் சின்னம் குட்டியாகத் தெரியும். சர்வர் அனுப்பும் எழுத்துகளுக்கு அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. சர்வரால் அதை வரையவும் முடியாது. சாவியின் பாஸ்ஃபிரேஸைக் கேட்பது எப்போதும் புட்டிதான். சர்வருக்கு அது தேவையே இல்லை. எனவே சின்னம் இல்லாத வரி பாஸ்ஃபிரேஸ் கேட்டால், எதிர்முனையில் இருப்பவன் புட்டி மாதிரி நடித்து உங்களிடம் பிடுங்கப் பார்க்கிறான். எதையும் தட்டாமல் ஜன்னலை மூடுங்கள். ஏற்கெனவே தட்டியிருந்தால் அந்தச் சாவியை மேலே சொன்னபடி மாற்றுங்கள்.

புட்டியின் ஜன்னல் இல்லாத வடிவமான பிளிங்க்கைக் கட்டளை வரியில் ஓட்டும்போது, நுழைவு கிடைத்தது, தொடங்க ரிட்டர்ன் அழுத்து என்று ஒரு வரி வந்து நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான். சின்னம் காட்ட வழியில்லாத இடத்தில், இதுவரை பேசியது நான், இனிப் பேசப்போவது சர்வர் என்று எல்லை காட்டுகிறது. தொல்லை என்று அணைத்துவிடாதீர்கள்.

அறிகுறி: கட்டளை வரியில் நீங்கள் தட்டாத "புட்டிபுட்டிபுட்டி"

தம்பி நடுவில் இதைக் கேட்டான். ஒரு மாதமாக மனதில் வைத்திருந்தானாம். "அண்ணே, ஒருநாள் தெரியாம ஒரு பட கோப்பை கேட் போட்டுட்டேன். திரை முழுக்கக் கிறுக்கல். கடைசில ப்ராம்ப்ட்ல நான் அடிக்காமலே புட்டி புட்டின்னு எழுதியிருந்துச்சு. யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு பயந்துட்டேன்."

யாரும் வரவில்லை. கேட் என்பது கோப்பில் இருப்பதை அப்படியே திரையில் கொட்டும் கட்டளை. ஆனால் பயந்தது சரியான இடத்தில்தான். திரைக்கு வரும் எழுத்துகளில் கண்ணுக்குத் தெரியாத கட்டளைகளும் உண்டு. கன்ட்ரோல்-ஈ என்ற எழுத்து வந்தால், நீ யார் என்று கேட்பதாகப் பொருள். டெலிபிரின்டர் காலத்து வழக்கம். புட்டி அதற்குத் தன் பெயரைப் பதிலாக அனுப்புகிறது. அந்தப் பதில் உங்கள் விசைப்பலகையிலிருந்து போனது போலவே சர்வருக்குப் போய்ச் சேரும். படக் கோப்பில் அந்த எழுத்து எத்தனை முறை வந்ததோ அத்தனை புட்டி. டெர்மினல் அமைப்புப் பக்கத்தில் ஆன்சர்பேக் பெட்டியைக் காலியாக்கினால் நின்றுவிடும். கிறுக்கலுக்கு, ஜன்னலின் பட்டியில் "ரீசெட் டெர்மினல்".

இங்கே பார்க்க வேண்டியது அந்த வழிதான். திரையில் காட்டுவதற்காக வந்த எழுத்து, திரும்பி விசைப்பலகை எழுத்தாக மாறிப் போகிறது. ஜன்னலின் தலைப்பு என்ன என்று சர்வர் கேட்கவும் ஒரு கட்டளை உண்டு. தலைப்பை முதலில் தான் விரும்பியபடி மாற்றிவிட்டு, பிறகு அது என்ன என்று கேட்டால், தான் எழுதியதையே நீங்கள் தட்டியதாகத் திருப்பி வாங்கலாம். அதனால்தான் புட்டி அந்தக் கேள்விக்கு வெற்று எழுத்தையே பதிலாகக் கொடுக்கிறது. அமைப்பில் அதை மாற்றாதீர்கள். 2015-இல் இருந்த இன்னொரு ஓட்டையில், எழுத்துகளை அழிக்கச் சொல்லும் கட்டளையில் மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தாலே புட்டியின் நினைவகம் கெட்டது; 0.66-இல் சரியானது. தலைப்பை மின்னல் வேகத்தில் மாற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் திரையே உறைந்துபோகும் கோளாறு 0.75-இல் சரியானது. யாரோ ஒருவர் உங்கள் இணையச் சர்வருக்கு அனுப்பிய விநோதமான முகவரி, பதிவுக் கோப்பில் விழுந்து, அதை நீங்கள் திரையில் ஓட்டிப் பார்க்கும்போது இந்தக் கட்டளைகளும் ஓடும். ஆகவே அறியாத கோப்பை கேட் போடாதீர்கள். அதற்குப் பதில் லெஸ் என்ற கட்டளை போட்டால் கட்டுப்பாட்டு எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றிக் காட்டும்.

மேக்கில் ஐடெர்ம்2 என்ற டெர்மினல் நிரலை வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இது இல்லை என்று எண்ண வேண்டாம். ஒரே இணைப்பில் பல ஜன்னல் தரும் டீமக்ஸ் நிரலோடு அதற்கு இருக்கும் இணைப்பில் இதே வகை ஓட்டை குறைந்தது ஏழு ஆண்டுகள் இருந்தது. மொஸில்லா பணம் கொடுத்து நடத்திய தணிக்கையில் 2019-இல் வெளிவந்தது; 3.3.6-இல் மூடினார்கள். தீயவன் எழுதிய எழுத்து திரைக்கு வந்தாலே கணினியில் கட்டளை ஓட்டக்கூடிய அளவுக்கு அது பெரிய ஓட்டை.

அறிகுறி: "டெர்ரபின்" என்ற பெயரோடு எச்சரிக்கை

புட்டி புதிது, சர்வர் பழையது. 2023 டிசம்பரில் வெளியான இன்னொரு ஓட்டை இது. மேலே சொன்ன அதே பல்கலைக்கழகத்தாரின் கண்டுபிடிப்பு. இரு முனையும் புதுப்பித்திருந்தால்தான் மூடும். புட்டி 0.80-இல் தன் பங்கைச் செய்துவிட்டது. சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச் 9.6 அல்லது உங்கள் லினக்ஸ் தரும் திருத்தத்தைப் போடுங்கள்.

அறிகுறி: ஒன்றுமே இல்லை, ஆனால் சந்தேகம் போகவில்லை

திருடிய சாவியால் நுழைபவன் கதவை உடைப்பதில்லை, சாவி போட்டுத் திறந்துதான் வருகிறான். ஆகவே தோற்றுப்போன முயற்சிகளைத் தேடாதீர்கள், வெற்றிபெற்ற லாகின்களைப் பாருங்கள். உபுண்டு, டெபியனில் ஆத் லாக் என்ற பதிவுக் கோப்பு. ரெட்ஹேட் குடும்பத்தில் செக்யூர். "அக்செப்டட் பப்ளிக்கீ" என்ற வரிகளில் கணக்கின் பெயர், ஐபி, நேரம், சாவியின் கைரேகை நான்கும் இருக்கும். 521 சாவியின் கைரேகை உள்ள வரிகளை மட்டும் எடுத்து, ஐபி எல்லாம் உங்கள் அலுவலகத்தினதா, வீட்டினதா என்று பாருங்கள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரங்களை முதலில் பாருங்கள். பிடிபட்ட சர்வரில் பதிவையும் அழித்திருக்கலாம் என்பதால் மற்ற சர்வர்களின் பதிவே அதிகம் சொல்லும்.

அறியாத ஐபி இருந்தால் சர்வரை அணைக்காமல் வலையிலிருந்து துண்டியுங்கள், வட்டின் நகலை எடுத்து வையுங்கள். சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்சர்ட் பிரிவிடம் சம்பவத்தைத் தெரிவிக்கலாம். சிறு நிறுவனங்களும் தயங்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் விவரம் அந்தச் சர்வரில் இருந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் உள்ளே வருகிறது. பாதிக்கப்பட்டவர்கள் 500 பேர் அல்லது அதற்கு மேல் என்றாலோ, அவர்களுக்குப் பெரும் தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட நாளிலிருந்து மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். வார இறுதியும் அந்த மூன்றில் அடங்கும். முதலாளியிடம் மறைக்க வேண்டிய விஷயம் அல்ல இது, அன்றே சொல்லிவிடுங்கள்.

தம்பியின் பதிவுகளில் அந்நிய ஐபி எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது சர்வரில், பேக்அப் கணக்கில், தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு 521 சாவியால் ஒரு லாகின் இருந்தது. ஐபி அவர்கள் அலுவலகத்தினதுதான். யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. முன்பு வேலை பார்த்தவர் அமைத்ததாக இருக்கும் என்றான். கிரெப்பில் அந்தக் கணக்கை அவன் தேடியிருக்கவில்லை. வரியை அழிக்கச் சொன்னேன். "அழிச்சா எதாவது நின்னுடுமேண்ணே" என்றான். நிற்கட்டும், நின்றால்தான் எது என்று தெரியும், நகல் ஒரு நாள் தவறினால் காலையில் கையால் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

காலை ஒன்பதரைக்குக் கிடங்கிலிருந்து அவனுக்குப் போன் வந்திருக்கிறது, பேக்அப் ஓடவில்லை என்று. போய்ப் பார்த்தால் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய கணினி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் வின்எஸ்சிபி 5.17, பக்கத்தில் பாஸ்ஃபிரேஸ் இல்லாத பிபிகே கோப்பு. அதன் படத்தை எனக்கு அனுப்பினான். வின்எஸ்சிபியைப் புதுப்பித்து, அந்த வேலைக்கு மட்டும் தனியாக ஒரு ஈடி25519 சாவி உருவாக்கி, பேக்அப் அடைவைத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி கணக்கைக் கட்டிவைக்கச் சொன்னேன். அன்று மதியமே முடித்துவிட்டு, பழைய பிபிகே கோப்பையும் அழித்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான்.